ஜெர்மனியில் ஓடும் படம் அடி அண்ணாமலையில் ஓடாது

சாமி கும்பிட, கிரிவலம் சுற்ற, மனசு சரியில்லாமல் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்க என்று திருவண்ணாமலைக்குப் போக ஆயிரம் காரணம் உண்டு. நான் போனது ஒரு படம் போட்டுக் காட்ட. அதுவும் அந்த ஊரிலேயே எடுத்த படத்தை, அதில் நடித்தவருக்கே. ஒன்றேகால் மணி நேரப் படத்துக்காக விமானம், பஸ், ஆட்டோ என்று ஏறி இறங்கிப் போய்வந்து நாலு நாள் ஆகிறது, இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இந்தப் பதிவு கொஞ்சம் மூச்சிரைக்கத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு: நான் ஆரணிப் பக்கத்துப் பெண். ஏழு வருடமாக ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன குளிர்காலத்தில் ஒரு நாள், சாயங்காலம் நாலரைக்கே இருட்டிப்போய், எதையாவது பார்ப்போமே என்று மாதச் சந்தா கட்டும் செயலியைத் தடவிக்கொண்டிருந்தபோது மலை தெரிந்தது. நம்ம மலை. விரல் நகம் அளவு போஸ்டர்தான், ஆனாலும் ஆரணியில் பிறந்தவளுக்கு அந்த மலை தெரியாமல் போகுமா? ஒரு பிரெஞ்சு இயக்குநர் எடுத்த சின்னப் படம். கிரிவலப் பாதையில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதில் எலுமிச்சை சோடா விற்கும் ஒரு பெண்மணி மூன்று இடத்தில் வருகிறார். ஒரு காட்சியில் பழத்தை நறுக்கிக்கொண்டே உதடு அசைய, பின்னால் வயலின் வாசிக்க, நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே படத்தை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், அலுத்துக்கொண்டே சொல்வார்.

அந்தக் காட்சியைப் பற்றி இதே வலைப்பூவில் உருகி உருகி எழுதினேன். 'சொல்லில்லாத பிரார்த்தனை' என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தச் சொற்றொடரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

பதிவின் கீழே ராணி என்பவர் ஒரு கமெண்ட் போட்டிருந்தார். "மேடம், அது அடி அண்ணாமலைல எங்க ஓரகத்தி மல்லிகா அக்கா. நாலு வருஷமா படத்துல நடிச்சிருக்கேன்னு சொல்றாங்க. நாங்களும் தேடாத இடம் இல்ல, எங்க செல்லுல வரவே மாட்டேங்குது. நெஜமாவே இருக்காங்களா, இல்ல சும்மா சொல்றாங்களா?" சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு மனுஷி நாலு வருடமாக ஒன்றைச் சொல்கிறார், சொந்த வீட்டிலேயே நம்பவில்லை. இருக்கிறார், ஜோராக இருக்கிறார் என்று எழுதினேன். டிவியில் ஓடவிட்டுப் போனில் படமெடுத்தும் அனுப்பினேன். "மூக்குத்தி மட்டும் அவங்களுது மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஜனவரி லீவில் நேரில் போய்க் காட்டிவிடுவது என்று.

அது ஏன் ஜெர்மனியில் வருகிறது, எடுத்த ஊரில் வரவில்லை? எங்கள் பக்கம் புளியமரத்தைக் குத்தகைக்கு விடுவார்கள். மரம் ஒருவருடையது, இந்த வருடக் காய் இன்னொருவருடையது. சாலைக்கு இந்தப் பக்கத்து மரம் ஒருவருக்கு, அந்தப் பக்கத்து மரம் வேறொருவருக்கு. படமும் அப்படித்தான் விற்கிறது. ஜெர்மனிக்கு இத்தனை வருடம், பிரான்ஸுக்கு இத்தனை வருடம் என்று நாடு நாடாக, காலம் வைத்துக் குத்தகை. நாம் சந்தா கட்டும் நிறுவனத்துக்கு எந்த நாட்டுக் குத்தகை இருக்கிறதோ அந்த நாட்டில்தான் காட்டலாம். ஒரே நிறுவனம், ஒரே கணக்கு, ஒரே சந்தா, ஆனால் எல்லை தாண்டினால் வேறு சரக்கு. இந்தப் படத்துக்கு இந்தியக் குத்தகையை யாருமே எடுக்கவில்லை.

செயலியில் படத்தை டேப்லெட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே பார்க்கலாம். அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. வேறு நாட்டில் போய் இணையத்தைத் தொட்டால் போதும், செயலி நாம் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே குத்தகை இல்லாத படத்தைப் பூட்டிவிடும். அனுபவப்பட்டவர்கள் எழுதிவைத்திருந்ததைப் படித்துவிட்டு, ஸ்டுட்கார்ட்டிலேயே ஃப்ளைட் மோடில் போட்டேன். சென்னையில் இறங்கியும் எடுக்கவில்லை. பஸ்ஸில் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

வழி சொல்லிவிடுகிறேன். கிளாம்பாக்கத்தில் காலை 6.10க்கு அரசுப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழி. எனக்கு டிக்கெட் 190 ரூபாய் ஆனது. செஞ்சியில் பத்து நிமிடம் நிறுத்துவார்கள், டீ குடித்துவிடுங்கள். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் எதிரே மலை எழும்பிவிடும், அதற்குமேல் எனக்கு உட்கார முடியவில்லை. பத்தே முக்காலுக்கு இறங்கினேன். ரமணாசிரமம் பகுதியில் செங்கம் ரோட்டை ஒட்டி ஓர் அறை, நாளுக்கு 1,200 ரூபாய், சுடுதண்ணி உண்டு. அம்மா வீட்டுக்கு ரெண்டு நாள் கழித்து வருகிறேன் என்றதற்கு அம்மா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோவில் 200 ரூபாய். ஓட்டியவர் சலீம் பாய். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு என்னைவிட ஆர்வம் ஜாஸ்தியாகிவிட்டது. அவர் பையன் துபாயில் இருக்கிறானாம், அவன் பார்க்கிற தொடர் இங்கே வராது, இங்கே இவர் பார்ப்பது அங்கே வராது, போனில் கதை சொல்லிக்கொள்வதோடு சரியாம். டவுனில் அவர் மச்சான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார், ப்ரொஜெக்டர் வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்தார். எதுக்கு பாய், டிவியிலேயே போட்டுவிடலாம் என்று பெருமையாகச் சொன்னேன். வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

ராணியின் வீடு கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. சோடாக் கடையைச் சாத்திவிட்டு மல்லிகா அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். நேரில் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். எத்தனை குளிர்கால மாலைகள் என் வீட்டுச் சுவரில் இருந்த முகம்! அவரோ என் கையைப் பிடித்து, சாப்டியாமா என்று கேட்டார். கூடத்தில் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், நம்பாதவர்கள் எல்லாரும் முன்வரிசையில்.

டேப்லெட்டைத் திறந்து, படத்தின் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனேன். ரெண்டு நிமிடம் இருக்கும். இப்போது எங்கள் பக்கம் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு வைஃபை போட்டுக் கொடுப்பார்கள், அதைக் கேட்க வைத்தால் வீட்டுக்கு மரியாதை இல்லை. போன மாதம்தான் ஃபைபர் இழுத்த வீடு வேறு. நான் திரும்பி வந்தபோது ராணி சிரித்த முகமாகச் சொன்னார்: "விமானந்தான் எறங்கிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு ஃப்ளைட் மோடுல வெச்சிருக்கீங்கன்னு நான் எடுத்துவுட்டேன் மேடம். நெட்டும் போட்டுட்டேன், பாருங்க, ஃபுல்லா இருக்கு."

பார்த்தேன். படம் இருந்த இடத்தில் ஜெர்மன் மொழியில் இரண்டு வரி. என்ன போட்டிருக்கு என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் இந்தப் படம் கிடைக்காது என்று தமிழில் சொன்னேன், நெட் போட்டதால் பூட்டிக்கொண்டது என்பதையும் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி, இன்னொரு நாள் பாக்கலாம் என்றார். கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை. மல்லிகா அக்கா என்னிடம், "நீ பாத்தியேமா, இவங்ககிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், தூரத்திலிருந்து வந்த விருந்தாளி சொன்னால் ஆட்டுவோமே, அப்படி. அக்கா ராணி பக்கம் திரும்பி, "நெட்டு போட்டா பூட்டிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். ராணி அழுதுவிட்டார்.

உடனே கமெண்டில் வந்து விபிஎன் போட்டு ஜெர்மனியில் இருப்பதுபோல் காட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள், தெரியும். அந்த நிறுவனத்தின் விதிப்படி அது கூடாது, போட்டாலும் பாதி நேரம் கண்டுபிடித்துவிடும். அதைவிட முக்கியம், படத்தின் சொந்தக்காரருக்கே எழுதிக் கேட்கலாம் என்கிறபோது எதற்குக் கொல்லைப்புற வழி? அன்று மாலையே படத்தின் வலைப்பக்கத்தைத் தேடி இயக்குநருக்கு மின்னஞ்சல் போட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன், பட்டுப்புடவை உட்பட.

மறுநாள் காலை, அறைக்குப் பக்கத்துக் கஃபேயில் இஞ்சி டீயும் பொங்கலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஸ்பூனை அப்படியே வைத்துவிட்டேன். இந்திய உரிமையை யாரும் வாங்காததால் அது இன்னும் அவரிடமே இருக்கிறதாம். ஆகவே, தன் படத்தில் நடித்தவர் வீட்டில் குடும்பத்தோடு பார்க்க அனுமதி கொடுக்க அவரால் முடியும் என்று எழுதி, படத்தை இறக்கிக்கொள்ளச் சுட்டியும் கொடுத்திருந்தார். பாருங்கள் வேடிக்கையை. யாரும் வாங்கவில்லை என்பதுதான் இத்தனை நாள் கதவை அடைத்தது, அதே காரணம்தான் இப்போது திறந்துவிட்டது. இந்தியாவுக்கு ஒரு நிறுவனம் வாங்கிப் பரணில் போட்டு வைத்திருந்தால் அவரே நினைத்தாலும் கொடுத்திருக்க முடியாது. கஃபேயில் நான் கைதட்டியதைப் பார்த்துத் தியானத்துக்கு வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

கடிதத்தின் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. மல்லிகாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தது. அந்த எலுமிச்சைக் காட்சியில் அவர் பாடியிருக்கிறார். ஒரு பழைய சினிமாப் பாட்டு. பாட்டின் உரிமை வைத்திருக்கும் நிறுவனம் திரைப்பட விழாக்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் அனுமதி கொடுத்ததாம். இணையத்தில் போட அவர்கள் கேட்ட தொகை, இவர் படத்துக்கே ஆன செலவில் பாதி. ஆகவே பாட்டை எடுத்துவிட்டு வயலினைப் போட்டிருக்கிறார்கள். விழாவுக்கான காலமும் முடிந்துவிட்டதால் பாட்டுள்ள பிரதியை எங்கேயும் காட்ட அவருக்கு உரிமை இல்லை. நான் உருகி எழுதிய 'சொல்லில்லாத பிரார்த்தனை' இதுதான். பிரார்த்தனையும் இல்லை, சொல்லில்லாமலும் இல்லை.

சிரிப்பு வந்தது, பின்னாலேயே பயமும் வந்தது. சலீம் பாயை வரச்சொல்லிப் போகிற வழியில் கேட்டேன், அந்த அக்கா பாடுவாரா என்று. "கடைல பாடிக்கினேதான் இருக்கும், படத்துலயும் பாடிச்சுன்னு சொல்லும்" என்றார். ஆக, ஊருக்கே சொல்லியிருக்கிறார். இன்றைக்குப் படத்தைப் போட்டால் முகம் வரும், குரல் வராது. நடித்தது மெய்யாகி, பாடியது பொய்யாகிவிடும்.

கிரிவலப் பாதையோரம் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. அக்கா பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராணி முறுக்குப் பாக்கெட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார், இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"அக்கா, படம் வந்துடுச்சு. ஆனா உங்க பாட்டு அதுல இல்ல."

கத்தி நின்றது. "எடுத்துட்டாங்களா? நான் பாடினது நல்லா இல்லியா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவசரம் அவசரமாகப் புளியமரக் கதையைச் சொன்னேன். பாட்டு உங்களுடையதும் இல்லை, படமெடுத்தவருடையதும் இல்லை, அதுக்கு வேறே குத்தகைக்காரர் இருக்கிறார், அவர் திருவிழாவுக்கு மட்டும் விட்டார், வருஷம் பூராவும் விடச் சம்மதிக்கவில்லை என்றேன். அக்கா யோசித்தார்.

"அப்போ என் குரலால இல்ல."

"இல்லவே இல்லக்கா."

"வாயி அசையிறது தெரியுதா?"

"நல்லா தெரியுது."

"அது போதும். சாயந்தரம் போடு" என்றுவிட்டு அடுத்த பழத்தை எடுத்தார்.

படத்தை இறக்கியது ராணி வீட்டு வைஃபையில்தான். நேற்று பூட்டிய அதே இணைப்பு இன்று பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கிக் கொடுத்தது. ராணி வைஃபை பெட்டி பக்கத்தில் யாரையும் விடாமல் காவல் நின்றார். மிக்ஸிகூடப் போடவில்லை. பிறகு வீடு வீடாகப் போய், நேற்று எழுந்து போனவர்களை எல்லாம் அவரே கூட்டிவந்தார். சலீம் பாயின் மச்சான் ப்ரொஜெக்டரும் ஒரு ஸ்பீக்கரும் அனுப்பினார், வாடகை 800 ரூபாய். ராணி வீட்டு மாடிச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டினோம்.

ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தோம். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வேட்டிக்குப் பின்னால் நிஜ மலை, வேட்டியில் படத்து மலை. முதலில் கோயில், அப்புறம் பாதை, அப்புறம் சோடாக் கடை. அக்கா பாட்டிலைத் திறக்கிற முதல் காட்சியிலேயே மாடி கலகலத்துவிட்டது. நேற்றைய பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான்தான் திரையை விட்டுவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்து எது வரும் என்று தெரியுமே.

எலுமிச்சைக் காட்சி வந்தது. வயலின் ஆரம்பித்தது. பாட்டு எங்கே என்று ஒரு குரல் கேட்டது, இரண்டாவது குரலும் எழுவதற்குள் மல்லிகா அக்கா கையை உயர்த்தினார். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலீம் பாய் சத்தத்தை அடியோடு குறைத்தார். முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட ஆரம்பித்தார்.

எப்படிச் சொல்வேன்! திரையில் உதடு பிரியும்போது இங்கே சொல் வருகிறது. அங்கே பழத்தை நறுக்க ஒரு கணம் நிறுத்தினால் இங்கேயும் நிற்கிறது. படத்தை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. பாட்டு அவர் வாயில் அப்படித்தான் போகும், அன்றும் அப்படித்தான் போயிருக்கிறது, அவ்வளவுதான். கரகரப்பான, அழுத்தமான குரல். கடைசி அடியில் திரையில் அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அத்தனை தடவை பார்த்த பார்வை. அது பிரார்த்தனை இல்லை. பாட்டு முடிந்தது, எப்படி இருக்கு என்று கேட்கிற பார்வை.

நான் அழுததை ஒளிக்கவில்லை. ராணி எழுந்து நின்று, நேற்றைய பெரியவரைப் பார்த்து, "பாத்துக்கங்க மாமா, எங்க அக்கா" என்றார். அந்தக் காட்சியை மட்டும் இன்னும் மூன்று முறை ஓட்டச் சொன்னார்கள். மூன்று முறையும் அக்கா பாடினார். மூன்றாவது முறை ராணியும் சேர்ந்துகொண்டார், சுருதி சேரவில்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாதச் சந்தா கட்டினால் உலகமே கைக்குள் வந்துவிட்டதாக நினைக்கிறோம். நம் திரையில் வருவது, நாம் நிற்கிற இடத்துக்கு யாரோ யாரிடமோ எடுத்த குத்தகை. அதில் எது இல்லை என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. வயலினைக் கேட்டு உருகியவளுக்கு, அதன் அடியில் ஒரு பாட்டு இருந்தது தெரியவில்லையே.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் தவிர்த்தால் அறையும் ஆட்டோவும் சுலபமாகக் கிடைக்கும், பௌர்ணமி அன்று பாதைக்குள் வண்டி விடமாட்டார்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர், அடி அண்ணாமலை ஏறக்குறையப் பாதி வழி, உட்கார நல்ல இடம். வெளிநாட்டிலிருந்து படம் இறக்கி எடுத்துவருகிறவர்கள், போய் உட்கார்ந்ததுமே வைஃபை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், மரியாதைக் குறைவாகப் போனாலும் பரவாயில்லை. உங்கள் ஊரில் வராத சின்னப் படம் ஏதாவது இருந்தால் எடுத்தவருக்கே எழுதிக் கேளுங்கள், இந்த மாதிரி ஆட்கள் பதில் போடுகிறார்கள்.

இந்தப் படத்தை எங்கே பார்க்கலாம் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நேற்று செயலியைத் திறந்தேன், 'இந்த மாதக் கடைசி வரை மட்டும்' என்று போட்டிருக்கிறது. ஜெர்மனியிலும் குத்தகை முடிகிறது. இந்தியாவில் எங்கேயும் இல்லை. பாட்டோடு வேண்டுமென்றால் உலகத்தில் ஒரே இடம்தான்: அடி அண்ணாமலை, கிரிவலப் பாதை, தகரக் கூரை சோடாக் கடை, காலையில் எலுமிச்சை நறுக்குகிற நேரம். சோடா இருபது ரூபாய், பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பார், நல்லா இருக்குன்னு சொல்லிவிட்டு வாருங்கள்.